கணினிக் கேள்வி பதில்: கேள்விக்குறியாகும் தமிழ் அஞ்சல்

கேள்வி: தோட்டத் தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்க அஞ்சல்களை உபுண்டு டெர்மினலில் மட் என்ற அஞ்சல் நிரல் வழியாகப் படிக்கிறேன். தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது. மட் அமைப்புக் கோப்பில் சார்செட் (எழுத்துமுறை) யுடிஎஃப்-8 என்று எழுதியும் சரியாகவில்லை. என்ன செய்வது?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அந்த வரியை முதலில் அழித்துவிடுங்கள். எழுத்துமுறையை மட் உங்கள் கணினியின் மொழி அமைப்பான லொக்கேலிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். கையால் திணித்தால் குழப்பம்தான் கூடும். டெர்மினலில் ‘லொக்கேல்’ (locale) என்று தட்டுங்கள். ‘லாங்’ எதிரே ‘சி’ அல்லது ‘போசிக்ஸ்’ இருந்தால் கோளாறு அங்கேதான். ‘அ’ என்ற ஒற்றை எழுத்துக்கே யுடிஎஃப்-8இல் 3 பைட் வேண்டும். அடிப்படை ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த ‘சி’ லொக்கேலுக்கு அது பிடிபடாது. சூடோவுடன் (நிர்வாகி உரிமையுடன்) லொக்கேல்-ஜென் (locale-gen) கட்டளையை ஓட்டி, மலேசிய மலாய் லொக்கேலான எம்எஸ்_எம்ஒய்.யுடிஎஃப்-8 (ms_MY.UTF-8) உருவாக்குங்கள். பிறகு அப்டேட்-லொக்கேல் (update-locale) மூலம் அதையே ‘லாங்’ மதிப்பாக்கி, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். பழைய ‘எல்சி_ஆல்’ (LC_ALL) வரி டெர்மினலின் தொடக்கக் கோப்பான பாஷ்ஆர்சியில் (.bashrc) ஒளிந்திருந்தால் அதுவே ‘லாங்’கை மீறிவிடும், பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கேள்விக்குறி போய்ச் சதுரக் கட்டங்கள் வந்தால் மட் மீது பழியில்லை, எழுத்துரு இல்லை என்று பொருள்: நோட்டோ தமிழ் நிறுவுங்கள்.