ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எந்தக் கிளிப்?

கேள்வி: அலுவலகக் கட்டடங்களில் ஃபால்ஸ் சீலிங்குக்கு (கூரைக்குக் கீழே தொங்கவிடும் போலிக் கூரை) மேலே ஓடும் கேபிள்களைத் தாங்குவதற்குப் பிளாஸ்டிக் டை (கேபிளைச் சுற்றி இறுக்கும் பட்டை) மட்டும் போதாது என்று பிரிட்டனில் விதி உள்ளதாமே, இது மிகையான எச்சரிக்கை அல்லவா?

பதில்: அல்ல. 2010-இல் சவுத்தாம்ப்டன் நகரின் ஷர்லி டவர்ஸ் அடுக்ககத் தீயில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்கள் இருவருக்கு, பிளாஸ்டிக் டிரங்கிங் (கேபிள்களை உள்ளே வைத்து மூடும் பெட்டிக்குழாய்) உருகியதால் கொத்தாகத் தொங்கிய கேபிள்கள் பெரும் தடையாக இருந்தன. புகையில் கண் தெரியாமல் தவழ்ந்து வருபவரின் முதுகிலுள்ள காற்று சிலிண்டரில் ஒரு கேபிள் மாட்டினாலே போதும், அவரால் நகர முடியாது. அதனால் பிஎஸ் 7671 என்னும் பிரிட்டனின் மின்இணைப்பு விதித்தொகுப்பு, தீயில் கேபிள்கள் முன்கூட்டியே சரிந்து விழாதபடி தாங்கப்பட வேண்டும் என 2015-இல் வெளியேறும் வழிகளுக்கும், 2018-இல் கட்டடம் முழுமைக்கும் விதித்தது.

பிளாஸ்டிக்கை அது அறவே விலக்கவில்லை. கிடையான இரும்பு டிரேயின் (கேபிள்களைத் தாங்கும் நீண்ட தட்டு) மேல் படுத்திருக்கும் கேபிளுக்குப் பிளாஸ்டிக் டை போதும்; டிரேயின் அடியில் தொங்குவதற்கும் சுவரில் ஓடுவதற்கும் எஃகு அல்லது செம்புக் கிளிப் வேண்டும். பிளாஸ்டிக் டிரங்கிங்குக்குள்ளும் இடையிடையே உலோகக் கிளிப் போட்டு, அதன் ஸ்குரூவைப் பிளாஸ்டிக் ராவல் பிளக்கை (ஸ்குரூவைப் பிடிக்கத் துளையில் செருகும் உறை) நம்பாமல் நேராகக் கான்கிரீட்டில் இறக்குவதே நல்லது.