3 விழுக்காடா, 5 விழுக்காடா? முதல் வேலையில் எந்த ஓய்வூதியத் திட்டம்

பட்டர்வொர்த்திலிருந்து 24 வயதுப் பொறியியல் பட்டதாரிப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். பினாங்கின் பாயான் லெப்பாஸில் இரண்டு தொழிற்சாலைகளில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. இரண்டிலும் அடிப்படைச் சம்பளம் மாதம் 3,700 வெள்ளி (ரிங்கிட்). முதல் கம்பெனி இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதியில் சட்டப்படியான 13 விழுக்காட்டுக்குப் பதிலாக 16 விழுக்காடு கட்டும். இரண்டாவது கம்பெனி இபிஎஃப்பில் 13 மட்டும் கட்டி, பிஆர்எஸ் எனப்படும் தனியார் ஓய்வூதியத் திட்டத்தில் 5 விழுக்காடு தனியாகப் போடும். ஆனால் மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் அந்த பிஆர்எஸ் பணம் கிடைக்காது. மூன்று முடிந்தால் பாதி, ஐந்து முடிந்தால் முழுவதும் கிடைக்கும். "5 பெரிசுதானே அக்கா, இரண்டாவதுக்கே கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேட்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் விழுக்காட்டை வெள்ளியாக மாற்றிப் பார்ப்போம். முதல் கம்பெனி கூடுதலாகத் தருவது 3,700க்கு 3 விழுக்காடு, அதாவது மாதம் 111 வெள்ளி. இரண்டாவதின் 5 விழுக்காடு என்றால் 185 வெள்ளி. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவதுதான் லாபம். ஆனால் அந்த 111 வெள்ளி இபிஎஃப்பில் விழுந்த அன்றே உங்களுடையது. மறுமாதமே வேலையை விட்டாலும் யாரும் அதைத் திரும்பக் கேட்க முடியாது. 185 வெள்ளி அப்படியல்ல. அது உங்கள் பெயரில் கிடந்தாலும் கெடு முடியும்வரை உங்களுக்குச் சொந்தமில்லை. இந்த ஏற்பாட்டைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள்.

இலாப ஈவையும் முதலீட்டு வளர்ச்சியையும் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். இரண்டு ஆண்டில் விலகினால் முதல் கம்பெனியில் கூடுதலாகச் சேர்ந்திருப்பது 2,664 வெள்ளி, இரண்டாவதில் பூஜ்யம். நான்கு ஆண்டில் விலகினால் முதல் கம்பெனியில் 5,328. இரண்டாவதில் 8,880 சேர்ந்திருந்தாலும் பாதிதான் கைக்கு வரும், அதாவது 4,440. ஐந்து ஆண்டு முழுதாக முடித்தால்தான் நிலைமை மாறும்: 6,660க்கு எதிராக 11,100.

ஆகவே உங்கள் கேள்வி 3ஆ 5ஆ என்பதல்ல. அதே தொழிற்சாலையில் ஐந்து ஆண்டு இருப்பீர்களா என்பதுதான். பினாங்குத் தொழிற்சாலைகளின் சம்பளப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவள் நான். 24 வயதில் சேர்ந்த பொறியாளர்களில் பலர் இரண்டு, மூன்று ஆண்டில் அடுத்த வாய்ப்புக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதில் தவறே இல்லை, சம்பளம் உயர்வது பெரும்பாலும் அப்படித்தான்.

இதே மாதிரிக் கெடு இருந்த, என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து ஐந்து ஆண்டு முடிந்துவிட்டது என்று நம்பி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். கம்பெனியோ வேலை நிரந்தரமான நாளிலிருந்துதான் கணக்கு என்றது. சோதனைக் காலம் ஆறு மாதம். நியமனக் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் ஒரே வரியில் அது இருந்தது. அந்த வரியை அவர் என் மேசையில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பாதிப் பணம் போயிற்று.

அப்புறம், இரண்டு திட்டத்திலும் பணம் வளரும் விதமே வேறு. இபிஎஃப் வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு இலாப ஈவு தர வேண்டும் என்பது சட்டம். உண்மையில் கிடைப்பது அதைவிட அதிகம்: 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு. பிஆர்எஸ் என்பது, பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்ட் போன்றது. சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், நிர்வாகக் கட்டணமும் உண்டு. இளம் வயதில் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கலாம், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. உத்தரவாதம் கிடையாது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

"பிஆர்எஸ்ஸுக்கு வரிச்சலுகை உண்டாமே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆண்டுக்கு 3,000 வெள்ளிவரை. ஆனால் அது நீங்கள் கைப்பணம் போட்டால்தான், கம்பெனி போடும் 5 விழுக்காட்டுக்கு அல்ல. அப்படியே நீங்கள் 3,000 போட்டாலும், உங்கள் சம்பளத்துக்கு, போனஸ் இல்லாமல் பார்த்தால், மிச்சமாகும் வரி நூறு வெள்ளிக்கும் குறைவு. யாராவது வரியைக் காட்டி விற்க வந்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சம்பளம் உயர்ந்த பிறகு யோசிக்கலாம்.

இபிஎஃப்பில் இஸ்லாமிய முறைப்படி முதலீடு செய்யும் ஷரியா சேமிப்புக்கு மாறுவது பற்றிய உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில்: எந்த மதத்தவரும் மாறலாம், ஆனால் அங்கே 2.5 விழுக்காட்டு உத்தரவாதம் இல்லை. இப்போதைக்கு இருக்கிற இடத்திலேயே இருங்கள்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. 2024 மே மாதத்திலிருந்து, இபிஎஃப்பில் சேரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு மூன்றாம் கணக்கான அக்காவுன் ஃபிளெக்சிபெலுக்குப் போகிறது. 50 வெள்ளி இருந்தாலே எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். முதல் கம்பெனியில் மாதாமாதம் உங்கள் பங்கு (சம்பளத்தில் 11 விழுக்காடு) 407, அவர்கள் பங்கு 592, ஆக 999. அதில் மாதம் நூறு வெள்ளிபோல அந்தக் கணக்கில் விழும். சம்பள நாளுக்கு முந்தின வாரம் கேண்டீனில் உட்கார்ந்து கைப்பேசியில் அதை வழித்தெடுக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. எடுத்துவிட்டால், கூடுதல் 3 விழுக்காட்டுக்காக இவ்வளவு யோசித்ததெல்லாம் வீண். மருத்துவச் செலவு, வேலை இழப்பு போன்ற நெருக்கடிக்கு என்று விட்டுவையுங்கள்.

சரி, கையெழுத்துக்கு வருவோம். இரண்டாவது கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: கெடு சேர்ந்த நாளிலிருந்தா, நிரந்தரமான நாளிலிருந்தா? கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால் அந்தப் பணம் என்னாகும்? பதில் எழுத்தில் வரட்டும். முதல் கம்பெனியிடமும் 16 விழுக்காடு நியமனக் கடிதத்திலேயே இருக்குமா என்று கேளுங்கள். இருக்கும் என்றால், உங்கள் இடத்தில் நானாக இருந்தால் அங்கேதான் சேர்வேன். வேலைக்குப் போன மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி பணத்தைக் கட்டியிருக்க வேண்டும். 16ஆம் தேதி இபிஎஃப்பின் இணையக் கணக்கான ஐ-அக்காவுனைத் திறந்து 592 வந்திருக்கிறதா என்று பாருங்கள்.