நோட்டு பாதி காலி: பிள்ளை படிக்கிறாளா, விளையாடுகிறாளா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. இந்த ஆண்டு சேர்த்த பள்ளியில் தோட்டவேலை, களிமண், நாடகம், பாட்டு என்று தினமும் ஏதாவது ஒன்று நடக்கிறது. பள்ளிக்கு ஆசையாகத்தான் போகிறாள். ஆனால் நோட்டுகள் பாதி காலி. கழித்தல் கணக்கில் இன்னும் தடுமாறுகிறாள். கேட்டால், 'குழந்தையின் முழு வளர்ச்சிதான் எங்கள் நோக்கம்' என்கிறார்கள். இதை நம்பலாமா, இல்லை பாடத்தை மட்டும் நடத்தும் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: உடனே மாற்ற வேண்டாம். அதற்காக, 'முழு வளர்ச்சி' என்று சொல்லிவிட்டார்களே என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். ஒரே தோட்டவேலை ஒரு வகுப்பில் நல்ல கணக்குப் பாடமாகவும், பக்கத்து வகுப்பில் வெறும் போட்டோவாகவும் முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் சொன்ன வகுப்பில் 90 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பாத்தி. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 15 சென்டிமீட்டருக்கு ஒரு விதை ஊன்ற வேண்டும். எத்தனை விதை வேண்டும் என்று கேட்டார் ஆசிரியை. பிள்ளைகள் 15, 30, 45 என்று கூட்டிக்கொண்டே போய் 6 என்றார்கள். சரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆறு விதையை எண்ணிக் கொடுத்துவிட்டார். முதல் விதையை ஒரு முனையில் வைத்து, ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி ஊன்றிக்கொண்டே போனார்கள். கடைசி முனைக்கு வந்தால் குழி இருக்கிறது, கையில் விதை இல்லை. "டீச்சர், ஒண்ணு குறையுது!" அவர் வாயே திறக்கவில்லை. உனக்கு எண்ணத் தெரியவில்லை, நீதான் தொலைத்துவிட்டாய் என்று சண்டை போட்டு, மறுபடி எண்ணி, ஐந்து நிமிடத்துக்குள் ஒரு பையன் கண்டுபிடித்துவிட்டான்: இடைவெளி ஆறுதான், ஆனால் விதை ஊன்றும் இடம் ஏழு. வகுப்புக்குத் திரும்பியதும் பாத்தியை நோட்டில் வரைந்து அளவு குறித்தார்கள். (அதே 90 சென்டிமீட்டரை வட்டமாக வளைத்திருந்தால், தொடங்கிய இடத்திலேயே முடிவதால் ஆறே போதும். அது அடுத்த வாரத்துக்கான வம்பு.)

பக்கத்து வகுப்பில் ஆசிரியரே அளந்து கோடு கிழித்து, குழியும் போட்டு வைத்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு விதையைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்கள்.

ஆக, எத்தனை விதமான செயல்பாடு நடக்கிறது என்பதைவிட, அந்த நேரத்தில் யோசித்தது யார் என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. நாடகமும் அப்படித்தான். எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிப்பது ஞாபகப் பயிற்சி. ஒரு கதையைப் படித்துவிட்டு, 'இந்த இடத்தில் இவன் என்ன சொல்லியிருப்பான்?' என்று பிள்ளைகளே வசனம் கட்டினால் அது மொழிப் பாடம்.

இது புதுச் சரக்கும் இல்லை. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய பள்ளியிலேயே சமையலும் தச்சுவேலையும் நெசவும் பாடத்துக்குள் வந்துவிட்டன. பாடத்தின் நடுவே இளைப்பாறுவதற்காக அல்ல, அளவையும் அறிவியலையும் கைவழியாகச் சொல்லித்தர. சின்ன விஷயத்தில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு 2008இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். பள்ளியில் சேரும் வயதை இன்னும் எட்டாத குழந்தைகளோடு கட்டம் நகர்த்தும் ஆட்டம் ஒன்றைச் சில தடவை ஆடினார்கள். சிலருக்குக் கட்டங்களில் 1 முதல் 10 வரை எண்கள், மற்றவர்களுக்கு வெறும் நிறங்கள். எண் கட்டத்தில் ஆடியவர்களுக்கு எண்ணறிவு கூடியது, நிறக் கட்டத்தில் ஆடியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. இத்தனைக்கும் இரண்டும் ஒரே ஆட்டம்தான்.

ஓடியாடும் விளையாட்டை மட்டும் இந்தத் தராசில் நிறுத்தாதீர்கள். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'இதில் கணக்கு எங்கே?' என்று ஓட்டப்பந்தயத்திடம் கேட்பது அநியாயம்.

இனி கழித்தலுக்கு வருவோம். இதைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாது. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதினால், ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7 போகாதென்று 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறாள். மிகச் சாதாரணமாக நடக்கும் பிழைதான், திட்ட வேண்டாம். பத்துப் பத்துக் குச்சிகளாக ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி கொடுத்து, எனக்கு 27 கொடு என்று கேளுங்கள். ஏழு உதிரி தர வேண்டுமென்றால் ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். 'கடன் வாங்குவது' என்று பள்ளியில் சொல்வது இந்த அவிழ்ப்பைத்தான். இரண்டு மூன்று நாள் குச்சியோடு செய்து, ஒவ்வொரு படியையும் பக்கத்திலேயே எழுதட்டும். அப்புறம் குச்சியை எடுத்துவிட்டு, தினமும் பத்து நிமிடம் தாளில் மட்டும். கை செய்ததைத் தாளுக்குக் கொண்டுவரும் இந்தப் பயிற்சியைத்தான் செயல்பாட்டில் மயங்கிய பள்ளிகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. வாசிப்பும் இப்படித்தான், தினமும் வேண்டும்.

சரி, பள்ளியை எப்படி எடைபோடுவது? "இன்னைக்கு என்ன பண்ணினே?" என்று மகளிடம் கேட்டால் "விளையாடினோம்" என்று முடித்துவிடுவாள். "எங்கே தப்பாச்சு? அப்புறம் என்ன பண்ணினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் அங்கே யோசனை நடந்திருக்கிறது. ஆசிரியரிடமும் ஒரே ஒரு கேள்வி போதும்: கடைசியாக நடந்த செயல்பாட்டில் என் மகள் எதில் சிக்கிக்கொண்டாள்? கவனித்த ஆசிரியருக்குப் பதில் கையில் இருக்கும். "நல்லாத்தான் பண்றா" என்று மட்டும் வந்தால் அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள்.

நோட்டு பாதி காலியாக இருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. எழுதியிருக்கும் பாதியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அவள் அளந்தது, வரைந்தது, தன் வாக்கியத்தில் எழுதிய மூன்று வரி, அடித்துத் திருத்திய கணக்கு இருந்தால் நல்லது. கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கங்கள் மட்டுமே இருந்தால் நோட்டு நிறைந்திருந்தாலும் பயனில்லை.

இந்தப் பருவம் முடியும் வரை பொறுங்கள். அதற்குள், இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை வாசித்துத் தன் சொல்லில் உங்களிடம் சொல்ல வருகிறதா, குச்சி இல்லாமல் இரண்டிலக்கக் கழித்தல் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் வராமல், அதைப் பற்றி ஆசிரியருக்கும் கவலை இல்லையென்றால் அப்போது வேறு பள்ளி தேடுங்கள்.