துணிச் சிற்பம் படிக்க பி.டெக். எதற்கு?

மகள் துணியிலும் நாரிலும் சிற்பம் செய்யப்போகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், பி.டெக். டெக்ஸ்டைலில் சேர்த்துவிட்டால் சிற்பத்துக்கும் ஆகும், வேலைக்கும் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது ஐயா. அது மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் ஆள் தயார் செய்கிற படிப்பு. நல்ல படிப்புதான், ஆனால் உங்கள் மகள் கேட்பது அதை அல்ல.

மிருணாளினி முகர்ஜி என்று ஒருவர் இருந்தார். கயிற்றுச் சிற்பம் என்றால் இந்தியாவில் முதலில் சொல்லப்படும் பெயர். அவர் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் படித்தது ஓவியம், பிறகு ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் சுவரோவியம். (அந்த சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். இது உங்களுக்கு ஆறுதலா, கலக்கமா, தெரியவில்லை.) முகர்ஜிக்குத் தறி கிடையாது, முன்கூட்டி வரைந்துகொள்வதும் கிடையாது. சாயமேற்றிய நார்க்கயிற்றைக் கையாலேயே முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு, ஆள் உயரத்தையும் தாண்டும் உருவங்களைச் செய்தார். ஒன்று முடியவே மாதக்கணக்கில் ஆகும். டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது 2015 ஜனவரியில். அடுத்த வாரமே, 65 வயதில், காலமானார். நியூயார்க்கில் பெரிய கண்காட்சி நடந்தது 2019இல்.

ஆகவே காசு சீக்கிரம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். இந்தத் துறையில் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் பக்கத்தில் இன்னொரு வருமானம் இருந்திருக்கிறது. போலந்தின் மக்தலேனா அபகனோவிச் போஸ்னான் கலைக் கல்லூரியில் 1965 முதல் 1990 வரை பாடம் நடத்தினார். அமெரிக்காவில் பிறந்த ஷீலா ஹிக்ஸ் கட்டடங்களுக்கு ஆர்டர் எடுத்துச் செய்தார்; நியூயார்க் ஃபோர்டு அறக்கட்டளைக் கட்டடத்தில் இருப்பது அவர் வேலை. உங்கள் மகளும் ஆசிரியப் பணி, உள் அலங்காரம், மேடை அமைப்பு என்று ஏதாவது ஒன்றை இப்போதே மனத்தில் வைத்திருக்கட்டும்.

சரி, எங்கே சேர்ப்பது? சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் இருக்கிறது, ஜவுளி வடிவமைப்பும் இருக்கிறது. என்னைக் கேட்டால் சிற்பம்தான். நெசவைப் பிறகு ஒரு நெசவாளரிடம் உட்கார்ந்துகூடக் கற்றுக்கொள்ளலாம். ஒரு உருவத்தைச் சாயாமல் நிறுத்தும் கணக்கு அப்படி வராது. வெளியூர் அனுப்பத் தயார் என்றால் பரோடா, சாந்திநிகேதன்.

நுழைவுத் தேர்வில் வரையச் சொல்வார்கள், அந்தப் பயிற்சியை விடக்கூடாது. அப்புறம், விண்ணப்பத்துக்கு முன் முழங்கால் உயரத்துக்காவது ஒரு கயிற்று உருவம் செய்து, நான்கு பக்கமும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கயிறு வாங்கும் செலவு உங்களுடையது.