ஏஎல்டி 68: கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதும் வாசகிக்கு வயது 52, எடை 70 கிலோ. சில ஆண்டுகளாக நீரிழிவு. அதற்கு மெட்ஃபார்மினும் கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேட்டின் மாத்திரையும் சாப்பிடுகிறார். பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரலின் நிலையை அறியப் பார்க்கும் நொதிகளான ஏஎல்டி 68, ஏஎஸ்டி 41; ரத்தத் தட்டணுக்கள் 240 (ஆயிரத்தில்). ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு தெரிகிறது. “மதுவைத் தொட்டதே இல்லை. மாத்திரைதான் கல்லீரலைக் கெடுத்துவிட்டதா? அதை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி குடிக்கலாமா?” என்று கேட்கிறார்.

நிறுத்தாதீர்கள். இயல்பு அளவின் மேல்வரம்பைப் போல மூன்று மடங்குக்குள் ஏஎல்டி இருந்தால், அதற்காக ஸ்டேட்டினை விடச் சொல்வதில்லை. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதயநோய். அதைத் தடுக்கும் மாத்திரையைப் போய் விடுவானேன்?

ஏஎல்டி கல்லீரல் செல்லுக்குள் வேலை செய்யும் நொதி. சாப்பிடாத நேரத்தில் தசையிலிருந்து அலனின் என்ற அமினோ அமிலம் ரத்தத்தில் கல்லீரலுக்கு வரும். அதை இந்த நொதி பைருவேட்டாக மாற்றும். பைருவேட்டிலிருந்து கல்லீரல் சர்க்கரை தயாரிக்கும். “போதும், நிறுத்து” என்று சொல்ல வேண்டியது இன்சுலின். நீரிழிவில் கல்லீரல் அந்தப் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. இரவுச் சாப்பாட்டைக் குறைத்தும் காலையில் சர்க்கரை ஏறி நிற்பது இதனால்தான். அதே நேரத்தில் மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக்கிச் சேர்ப்பதை மட்டும் கல்லீரல் விடுவதில்லை. கொழுப்பு நிறைந்த செல் நோகும்போது நொதி ரத்தத்தில் கசிகிறது. அந்தக் கசிவுதான் உங்கள் 68. ஆக, ஏஎல்டி நோய்க்குக் காரணம் அல்ல, நோயின் தடயம். அதுவும் அரைகுறைத் தடயம்: கல்லீரலில் தழும்பு விழுந்த பிறகும் ஏஎல்டி இயல்பாக இருப்பவர்கள் உண்டு.

ஆகவே தழும்பு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கு ஃபிப்-4 என்ற எளிய கணக்கு இருக்கிறது. வயதை ஏஎஸ்டியால் பெருக்கினால் 2132. ஏஎல்டியின் வர்க்கமூலம் ஏறத்தாழ 8.25, அதைத் தட்டணு எண்ணிக்கை 240ஆல் பெருக்கினால் 1980. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.08. 1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. அதைத் தாண்டியிருந்தால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். நீரிழிவு இருப்பதால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை இதைத் திரும்பக் கணக்கிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளுக்குப் பரிசோதனை செய்ததுண்டா? சிங்கப்பூரில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பி தடுப்பூசி போடத் தொடங்கியது 1987இல். நீங்கள் அதற்கு முந்தைய தலைமுறை.

எடையில் 5 விழுக்காடு, அதாவது மூன்றரைக் கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். அழற்சி தணிய ஐந்திலிருந்து ஏழு கிலோ தேவைப்படும். பட்டினி வேண்டாம். தேக்கா உணவங்காடியில் இரண்டு பரோட்டா, கறி, இனிப்புத் தே தாரிக் என்று உட்கார்ந்தால் ஒரு பரோட்டாவோடு எழுந்திருங்கள். தேநீருக்குப் பதில் கோப்பி ஓ கொசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி, கேளுங்கள். காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை இல்லாத காப்பியைத்தான் சொல்கிறேன்.

கீழாநெல்லி கொழுப்புக் கல்லீரலைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால், வேறு மூலிகைப் பொடி, மாத்திரை எதுவானாலும் சரி, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில மூலிகைகளே ஏஎல்டியை ஏற்றிவிடும்.