நாணயம் இருந்தால் பறக்கலாமா?

பிராண்டன் சாண்டர்சன் எழுதிய மிஸ்ட்பார்ன் என்ற மாயாஜால நாவல் தொடரின் முதல் பாகத்தில் நாணயத்தைக் கீழே போட்டு மேலே எழும்புகிறார்களே, அப்படியானால் பறவை மாதிரி நினைத்த பக்கம் போக முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாதுங்க. முடியாது என்பதுதான் அந்த மந்திர அமைப்பின் அழகே.

இந்தக் கதையில் சிலர் உலோகத்தை விழுங்கி, உடலுக்குள் அதை ‘எரித்து’ சக்தி பெறுகிறார்கள். எஃகை எரிப்பவரால் உலோகத்தை மட்டும்தான் தள்ள முடியும், அதுவும் தன் உடலின் மையத்திலிருந்து நேராக விலகிப் போகும் திசையில். நாணயம் காற்றில் இருக்கும்போது தள்ளினால் நாணயம்தான் பறந்து போகும். அதே நாணயம் தரையில் போய் முட்டி நின்றுவிட்டால் அதற்கு மேல் நகர வழியில்லை, அப்போது தள்ளுகிறவர்தான் மேலே போகிறார், நியூட்டனின் மூன்றாம் விதி அப்படியே இங்கே வேலை செய்கிறது. தூரம் கூடக்கூட தள்ளும் விசை குறைவதால் ஓர் உயரத்துக்கு மேல் ஏறவும் முடியாது, அங்கே மிதக்கலாம், அவ்வளவுதான். பக்கவாட்டில் போக வேண்டுமென்றால் சரிவாகத் தள்ள வசதியாக வேறு உலோகம் எங்காவது வேண்டும். நகரத்தில் கூரை, கதவு, கம்பி என்று நிறைய உண்டு. வெட்டவெளியில் என்ன செய்வது?

இதற்கு 2007இல் வந்த இரண்டாம் பாகத்தில் கதாநாயகி வின் குதிரை லாடங்களை வைத்து ஒரு வழி கண்டுபிடிக்கிறாள்: முன்னால் ஒன்றைப் போட்டுத் தள்ளுவது, பின்னால் கிடப்பதை, இரும்பை எரித்தால் கிடைக்கும் இழுக்கும் சக்தியால் தன்னிடம் இழுத்துக்கொள்வது, திரும்ப முன்னால் போடுவது. எனக்கு அந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த இடம் அது. கதை எதையும் சொல்லிவிடவில்லை, தைரியமாகப் படியுங்கள்.