துபாய்ச் சம்பளமும் இந்திய வரியும்: புதிதாய் வந்த தம்பிக்கு

தம்பி, ஆகஸ்ட் 10ஆம் தேதி ஊரிலிருந்து புறப்பட்டு துபாய் வந்ததாகவும், தங்கையின் திருமணத்துக்காக ஜனவரியில் சம்பளமில்லா விடுப்பு எடுத்து இரண்டு மாதம் ஊரில் தங்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து திரும்பினால் என்.ஆர்.ஐ.களுக்கு வரிச்சலுகை உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கு எந்தப் பகுதி நல்லது, ஓட்டுநர் உரிமத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் அறையில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். வரியைப் பற்றி மட்டும் தயவுசெய்து அவர்களிடம் கேட்காதீர்கள்.

முதலில் அந்த இரண்டு மாத விடுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் எந்த விசா இருக்கிறது என்பதை இந்திய வருமான வரிச் சட்டம் பார்ப்பதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்றுதான் பார்க்கிறது. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்திருந்தால், வரிக்கணக்கில் அவர் இந்தியாவில் வசிப்பவர்தான். புறப்பட்ட நாளையும் சேர்த்தால் நீங்கள் 132 நாள்களை ஏற்கெனவே கழித்துவிட்டீர்கள். மார்ச் 31 வரை 49 நாள்தான் மிச்சம். அறுபது நாள் தங்கினால், ஆகஸ்டிலிருந்து இங்கே வாங்கிய சம்பளம் முழுவதும் இந்திய வரிக்கணக்கில் சேர்ந்துவிடும். இங்கே தனிநபர் வருமான வரியே இல்லாததால், கட்டிய வரி என்று கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. அதன்பிறகு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தைக் காட்டி வாதாட வழி தேடுவதைவிட, ஒரு மாதத்தோடு திரும்பிவிடுவது எளிது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், இந்த 182 நாள் கணக்கு மாறவில்லை.

நான் 1998இல் ஷார்ஜாவில் வந்து இறங்கியபோது, எங்கள் கடவுச்சீட்டுகளைக் கம்பெனி வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டது. விடுப்பில் போகும் நாளன்று விமான நிலைய வாசலில்தான் மந்தூப் (அரசு அலுவலக வேலைகளைக் கவனிக்கும் கம்பெனி ஆள்) அதைக் கையில் கொடுப்பார். திரும்பி வந்தால் அதே வாசலில் வாங்கிக்கொள்வார். நம் பயணத் தேதிகளே நம் கையில் இல்லாத நிலைமை அது. திருச்சியில் குத்திய முத்திரைகள் பாதி மை கலைந்து, தேதி 1ஆ 7ஆ என்று தெரியாமல் இருக்கும். அதனால் மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு வரவையும் புறப்பாட்டையும் எழுதி வைக்கத் தொடங்கினேன். அந்த வழக்கத்தை இன்றுவரை விடவில்லை. இப்போது துபாயில் தானியங்கி வாயில் வழியாகப் போனால் முத்திரையே விழுவதில்லை. ஆகவே போர்டிங் பாஸையும் பயணச்சீட்டையும் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

"ஆறு மாசம் வெளியே இருந்தா போதும், ஒரு வரியும் கிடையாது" என்று இருபது வருடமாக இங்கே இருப்பவர்கள்கூட அடித்துச் சொல்வார்கள். அவர்கள் மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. 2020 பிப்ரவரி 1ஆம் தேதி வந்த பட்ஜெட்டில், வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமக்களை இந்தியாவில் வசிப்பவராகவே கருதுவோம் என்று அறிவித்தபோது, வளைகுடா முழுவதும் பதறியது. நேர்மையாக வேலை செய்பவர்களின் வெளிநாட்டுச் சம்பளத்தைத் தொடமாட்டோம் என்று மறுநாளே அரசு விளக்கம் அளித்தது. இந்தியாவிலிருந்து வரும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுபவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சட்டத்திலும் வரம்பு வைத்தார்கள். அப்படித் தாண்டுபவர்கள் ஊருக்கு வந்துபோவதற்கு 182 நாளுக்குப் பதில் 120 நாள்தான் எல்லை. ஆனால் அறைகளில் இன்றும் பாதிப் பேர் முதல்நாள் பயத்தையே பரப்புகிறார்கள். மீதிப் பேர் சட்டம் மாறியதே தெரியாமல் இருக்கிறார்கள். கொரோனாவில் ஊரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு 2020 மார்ச் 22 முதல் 31 வரையிலான நாள்களை விலக்கினார்கள். அடுத்த நிதியாண்டுக்கு அப்படிப் பொதுவான விலக்கு வரவில்லை. சுற்றறிக்கைகளை நானே தேடிப் படித்து, என் வருமான வரிப் படிவத்தை நானே நிரப்பக் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான்.

திரும்பும்போது கிடைக்கும் சலுகைக்கு ஆர்.என்.ஓ.ஆர். என்று பெயர், அதாவது இந்தியாவில் வசிப்பவர், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்லர் என்ற நிலை. அந்த நிலையில் இருக்கும்வரை, இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வருமானம் தவிர, வெளிநாட்டில் ஈட்டி வெளிநாட்டிலேயே பெறும் வருமானத்துக்கு வரி இல்லை. வெளிநாட்டுச் சொத்துகளைப் படிவத்தில் காட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு நீங்கள் வசிக்காதவராக இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த நாள்கள் 729ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் திரும்பினால் இது உங்களுக்குக் கிடைக்காது. நீண்ட காலம் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு, சிலருக்கு மூன்று ஆண்டு கிடைக்கும். வேறு விடுப்பு எடுக்காத ஆண்டில், அக்டோபர் 2க்குப் பிறகு போய் இறங்கினால் அந்த நிதியாண்டில் 182ஐத் தொடாமலும் தப்பலாம். வருடத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஊரில் இருந்தவர்களுக்கு இது பொருந்தாது. முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் சேர்ந்திருந்தால், நிரந்தரமாகத் திரும்பும் ஆண்டில் 60 நாளே போதும், வசிப்பவராகிவிடுவார்கள்.

ஊருக்குத் திரும்பிவிட்டால், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. வைப்புத்தொகையின் வட்டிக்கு வரிவிலக்கு இல்லை. நாள்கணக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆர்.என்.ஓ.ஆர். நிலையும் இதைக் காப்பாற்றாது. வங்கிக்குச் சொல்லாமல் அந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு வட்டியைச் சுவைப்பவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். உண்டியலில் (ஹவாலாவில்) பணம் அனுப்புபவர்களைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும். ஆயிரத்துக்குச் சில ரூபாய் கூடுதல் என்று ஆசைப்பட்டு அனுப்பிவிட்டு, வீடு கட்டியபின் பணம் வந்த வழியைக் கேட்டால் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் நின்றவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். எக்ஸ்சேஞ்ச் வழியாகவோ வங்கி வழியாகவோ மட்டும் அனுப்புங்கள், ரசீதைக் கிழிக்காதீர்கள்.

ஊரில் இருக்கும் பழைய சேமிப்புக் கணக்கை இந்த வாரமே என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். அதன் வட்டியில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பிடித்தம் செய்வார்கள். உங்கள் இந்திய வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ஜூலைக்குள் படிவம் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.